சொல்லே முதல்

(மாணவத் தொழில்முனைவோரும் தொழில் தொடர்பும் - ஓர் அனுபவ விளக்கம்)

மூன்றாம் ஆண்டு, இளநிலை வணிகவியல்

'தனிமரம் தோப்பாகாது' என்று நம் பாட்டிமார் சொல்வதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். வாழ்க்கைக்குச் சொல்லப்பட்ட அந்த வாக்கு வணிகத்துக்கும் அப்படியே பொருந்தும். இதை நான் வகுப்பறையில் கற்கவில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டே மஞ்சள் துணிப்பை தைத்து விற்ற இரண்டு ஆண்டுகளில் கற்றேன். அதற்குக் கட்டணமாக 1,400 ரூபாய் நட்டமும் பட்டேன். ஒரு நல்ல மனிதரின் நம்பிக்கையையும் சில காலம் இழந்தேன். எனக்குப் பின் தொழில் தொடங்க எண்ணும் நண்பர்கள் அக்கட்டணத்தை மறுபடியும் கட்ட வேண்டாம் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தொடர்பு என்பது யாது?

தொழில் தொடங்க என்ன வேண்டும் என்று நம் வகுப்பில் கேட்டால், பத்தில் ஒன்பது பேர் 'பணம்' என்பார்கள். மீதி ஒருவர் 'துணிச்சல்' என்பார். இரண்டும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பணம் உள்ளவனுக்கும் நல்ல துணி எந்தக் கடையில் எந்த நாளில் மலிவாகக் கிடைக்கும் என்பதைச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். துணிச்சல் உள்ளவனுக்கும் முதல் சரக்கை நம்பி வாங்க ஒரு மனிதர் வேண்டும். இம்மனிதர்களின் தொகுதியைத்தான் தொழில் தொடர்பு என்கிறோம்.

அறிமுகம் வேறு, தொடர்பு வேறு. நம் கைப்பேசியில் ஐந்நூறு பேருடைய எண்கள் இருக்கலாம். வாட்ஸ்அப் குழுக்கள் முப்பது இருக்கலாம். அவை யாவும் அறிமுகங்கள். நான் ஒரு சொல் கொடுத்து அதைக் காப்பாற்றியிருக்கிறேன், அவரும் ஒரு சொல் கொடுத்து அதைக் காப்பாற்றியிருக்கிறார் என்ற நிலை வந்த பிறகே அறிமுகம் தொடர்பாகிறது. இந்த வேறுபாட்டை அறியாமல்தான் நான் தொடக்கத்தில் தடுமாறினேன். ஒரு தொழிற் கண்காட்சிக்குப் போய் நாற்பத்திரண்டு முகவரி அட்டைகளைச் சேர்த்துக்கொண்டு பெருமையோடு திரும்பினேன். அந்த நாற்பத்திரண்டில் ஒன்றுகூட எனக்கு இதுவரை ஒரு பையை விற்றுக்கொடுத்ததில்லை. குறை அட்டை கொடுத்தவர்களிடம் இல்லை. அவர்களுக்கும் எனக்கும் இடையே எந்தச் செயலும் நடக்கவில்லை என்பதே காரணம்.

முன்னோர் பின்னிய வலை

தமிழ்நாட்டு வணிக வரலாற்றைப் பார்த்தால், பெருந்தொழில்கள் யாவும் இத்தகைய தொடர்பின் மேல் எழுந்தவை என்பது விளங்கும்.

நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில், செட்டிநாட்டிலிருந்து சிறுவர்கள் 'பெட்டியடிப் பையன்' என்ற நிலையில் கடல் கடந்து சென்றார்கள். பெட்டிக்கு அருகில் அமர்ந்து கணக்கும் மனிதரையும் படித்தார்கள்; பிறகு 'அடுத்தாள்' ஆனார்கள்; அதன்பின் பொறுப்பேற்றார்கள். அவர்கள் எழுதிய உண்டியல், வேற்றூரில் உள்ள மற்றொரு கடையில் பணமாக மாறியது. அந்தத் தாளுக்கு மதிப்புத் தந்தது, எழுதியவருடைய பெயரின் மேல் இருந்த நம்பிக்கையே.

தென்மாவட்டங்களில் நாடார் சமூகத்தார் 'மகமை' என்ற பொதுநிதியை வைத்திருந்தனர். விற்கும் சரக்கில் ஒவ்வொருவரும் ஒரு சிறு பங்கை ஒதுக்கினர். அதிலிருந்து வணிகர் தங்கும் பேட்டைகளும் பள்ளிகளும் எழுந்தன. 1921-இல் தூத்துக்குடியில் அவர்கள் தொடங்கிய நாடார் வங்கிதான் 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது.

சிவகாசியின் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. 1922-இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் தீப்பெட்டித் தொழிலைக் கற்பதற்காகக் கல்கத்தாவுக்குப் பயணம் போனார்கள். மொழியும் வேறு, ஊரும் வேறு. மாதக்கணக்கில் தங்கித் தொழிலைக் கற்றுக்கொண்டு, அடுத்த ஆண்டு ஊர் திரும்பித் தொடங்கினார்கள். மழை குறைந்த அந்தக் கரிசல் சீமை தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுக்கும் பெயர் பெற்றது அதற்குப் பிறகுதான். தெரியாத ஊரில் தெரிந்தவரைத் தேடிக்கொள்ளும் திறமையே அவர்களுக்கு மூலதனமாயிற்று எனலாம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அந்த வலைகள் பெரும்பாலும் பிறப்பால் அமைந்தவை. மாமனும் மைத்துனனும் பங்காளியும் இருந்ததால் அமைந்தவை. நம் கல்லூரியில் என்னோடு படிக்கும் நண்பர்களில் பலர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள். தறி ஓட்டுபவர் பிள்ளை, சுமை தூக்குபவர் பிள்ளை, நூறு நாள் வேலைக்குப் போகும் தாயின் பிள்ளை. கடை வைத்த மாமனும் இல்லை, வங்கியில் மைத்துனனும் இல்லை. அப்படியானால் நமக்குத் தொழில் தொடர்பே வாய்க்காதா?

மெல்லிய இழையின் வலிமை

வாய்க்கும் என்பதற்கு ஓர் ஆராய்ச்சி சான்று கூறுகிறது. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலமாக வேலை பெற்றவர்களிடம், 'தகவல் தந்த அந்த மனிதரை நீங்கள் எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?' என்று அவர் கேட்டிருந்தார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் நூற்றுக்கு 16.7 பேர்தாம். எப்போதாவது பார்ப்போம் என்றவர்கள் 55.6 பேர், அரிதாகவே பார்ப்போம் என்றவர்கள் 27.8 பேர். உயிர் நண்பர்களைவிட ஓரளவு பழகியவர்களே பெரிதும் உதவியிருக்கிறார்கள்!

இது வியப்பாகத் தோன்றினாலும் காரணம் எளிது. என் உயிர்த் தோழனும் நானும் ஒரே பெஞ்சில் அமர்கிறோம். ஒரே பேருந்தில் வருகிறோம். ஒரே டீக்கடையில் நிற்கிறோம். எனக்குத் தெரிந்தவை அவனுக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாதவை எனக்கும் தெரியாது. மாறாக, எப்போதோ ஒரு முறை பழகிய வேறு துறை மாணவர் வேறு ஊரிலிருந்து வருகிறார். வேறு மனிதர்களை அறிந்திருக்கிறார். அவர் வழியாக வருவது புதிய செய்தி.

இதை எண்ணிப் பார்த்தபோதுதான் அரசு கலைக் கல்லூரியின் அருமை எனக்குப் புரிந்தது. எத்தனை ஊர், எத்தனை சாதி, எத்தனை தொழில்! ஒரே கூரையின் கீழ் இவ்வளவு பேர் கூடும் இடம் நம் வட்டாரத்தில் வேறு எங்கு உண்டு? முன்னோர்க்குப் பிறப்பு தந்த வலையை நமக்கு இந்த வளாகம் தர முடியும். ஆனால் அது தானாக அமையாது. பின்ன வேண்டும்.

ஒரு பையின் பயணம்

என் தொழிலையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 சனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு தொடங்கியது. கல்யாண வீடுகளில் தாம்பூலப் பை எப்போதும் உள்ள வழக்கம். ஆகவே துணிப்பைக்குத் தேவை உண்டு என்று தெரிந்தது. எனக்கோ தையலும் தெரியாது, துணியும் தெரியாது.

முதல் இழை, என் வகுப்புத் தோழர் ஒருவரின் தந்தை. அவர் விசைத்தறித் தொழிலாளி. காடாத் துணி என்றால் தறியிலிருந்து இறங்கிய, வெளுக்காத துணி என்பதையே அவர்தான் எனக்குச் சொன்னார். ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாயன்று நடக்கும். ஆனால் என்னைப் போல நூறு மீட்டர் கேட்பவன் அந்த நெரிசலில் போனால் யாரும் நின்று பேச மாட்டார்கள், புதன் கிழமை போ என்றார். புதன் கிழமை போனேன். கடைக்காரர் அமர்த்தி வைத்துப் பேசினார். நாள் அறிந்து போவதே பாதித் தொடர்பு என்று அன்று உணர்ந்தேன்.

இரண்டாம் இழை, தமிழ்த்துறைத் தோழி ஒருவர். அவர் தெருவில் ஓர் அக்கா, பனியன் கம்பெனியில் பல ஆண்டு தைத்துவிட்டு, இப்போது வீட்டில் பவர் மெஷின் போட்டுத் தைக்கிறார். மூன்றாம் இழை, நம் நூலகத்தில் விசாரித்ததில் கிடைத்த முன்னாள் மாணவர். அவர் திரை அச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில் எழுத்துகளைப் பதித்து, ரப்பர் கட்டையால் மையை இழுத்து அச்சிடும் முறை அது. ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம் வேண்டும். ஆகவே நிறம் கூடினால் செலவு கூடும் என்று விளக்கினார்.

நான்காவது இழைதான் மெல்லியது. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஏழு நாள் உடனிருந்த இயற்பியல் மாணவர் ஒருவர். முகாமுக்குப் பிறகு வழியில் கண்டால் புன்னகைப்போம், அவ்வளவே. அவருடைய அக்காளுக்குத் திருமணம் என்று கேள்விப்பட்டு, மாதிரிப் பை ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். 500 பைகளுக்கு ஆர்டர் கிடைத்தது.

கணக்கையும் எழுதிவிடுகிறேன், வணிகவியல் மாணவன் கணக்கு எழுதாவிட்டால் ஆசிரியர்கள் மன்னிக்க மாட்டார்கள். பத்து அங்குல அகலம், பன்னிரண்டு அங்குல உயரம் உள்ள பை. நாற்பத்தெட்டு அங்குல அகலத் துணியில் ஒரு மீட்டருக்கு ஐந்து பை வரும்; கைப்பிடியும் அதிலேயே அடங்கும். மஞ்சள் சாயம் ஏற்றிய துணி 100 மீட்டர், மீட்டர் 32 ரூபாய் வீதம் 3,200. வெட்டித் தைக்கப் பைக்கு 4 ரூபாய் வீதம் 2,000. அச்சுக்கு இரண்டரை ரூபாய் வீதம் 1,250. சட்டம் செய்ய 350. பேருந்தில் மூட்டை ஏற்றிய கட்டணமும் பயணச் செலவும் 200. மொத்தம் 7,000, ஆக ஒரு பையின் அடக்க விலை 14 ரூபாய். 17 ரூபாய் வீதம் விற்றதில் 8,500 வந்தது. இலாபம் 1,500.

இந்தக் கணக்கில் வராத ஒன்றும் உண்டு. அச்சுக்குக் கொடுத்த வாசகத்தில் திருமண நாளும் கிழமையும் பொருந்தாமல் இருந்தன. பட்டறையில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்துவிட்டு, அச்சுக்காரர் அச்சிடாமல் நிறுத்தி எனக்குப் போன் செய்தார். அன்று அவர் கண்ணை மூடிக்கொண்டு அடித்திருந்தால் 500 பையும் என் வீட்டுத் திண்ணையில் கிடந்திருக்கும். கூலி வாங்கும் வேலைக்காரர் வேறு, நம் காரியத்தைத் தம் காரியமாக நினைக்கும் தொடர்பாளர் வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்தத் திருமணத்தில் பந்தி வைத்த சமையல் ஒப்பந்தக்காரர் பையைப் பார்த்து என் எண்ணை வாங்கிக்கொண்டார். அதன்பின் ஆறு மாதத்தில் அவர் வழியாக வந்த ஆர்டர்கள் மட்டும் நான்கு.

இழை அறுந்த கதை

இதுவரை சொன்னது வெற்றி. இனிச் சொல்லப் போவதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது; ஆயினும் இக்கட்டுரையில் பயன் உள்ள பகுதி இதுவே.

நான்கு ஆர்டர் முடித்த மிதப்பில், ஒரு கடைக்கு 1,000 பைகள் தருவதாக ஒப்புக்கொண்டேன். விலை 17,000 ரூபாய். முன்பணம் 5,000 தந்தார்கள். மீதியைச் சரக்கு வந்த ஒரு வாரத்தில் தருவதாக வாய்ச்சொல். எழுத்தில் ஏதும் வாங்கவில்லை. எனக்கு ஆன செலவு 13,400. துணிக்கடைக்கும் அச்சுக்கும் கையிலிருந்ததைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். தையல் அக்காவுக்குத் தர வேண்டிய 4,000 மட்டும் நின்றது. கடைப் பணம் வந்ததும் தருகிறேன் என்றேன். 'சரிங்க தம்பி' என்றார்.

ஒரு வாரம் இரண்டாயிற்று. கடைக்குப் போனால் 'முதலாளி வெளியூர்', 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்ற பதில்கள். பைகளைத் திரும்ப வாங்கலாம் என்றால், கடையின் பெயர் அச்சான பையை வேறு யார் வாங்குவார்கள்? அக்கா போன் செய்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. இப்படிப் பத்தொன்பது நாள் ஓடிவிட்டது. இதற்கிடையில் ஒரு திருமண ஆர்டர் வந்தது. அச்சுக்காரரிடம் போனேன். எப்போதும் வேலை முடிந்த பின் பணம் வாங்குபவர், 'முழுப் பணமும் முன்னால் வைத்துவிடு தம்பி' என்றார். காரணம் கேட்டேன். 'அந்த அம்மா இங்கே வந்து உன்னை விசாரித்துவிட்டுப் போனார்' என்றார்.

நல்ல பெயரைக் கொண்டுபோன அதே வழி கெட்ட பெயரையும் கொண்டுபோயிற்று. அதுவும் இன்னும் விரைவாக!

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போனேன். கதவருகே நின்றுகொண்டே நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்தவில்லை. கையில் இருந்ததைத் தைத்து முடித்துவிட்டுச் சொன்னார்: 'காசு வரலீன்னா வரலீன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நான் குழுவுல சொல்லித் தவணையைத் தள்ளி வாங்கியிருப்பேன் தம்பி. உங்களை நம்பி அங்க நாள் சொல்லிட்டேன். காசுக்குக்கூட இல்ல, போனை எடுக்காமப் போனீங்க பாருங்க, அதுலதான் மனசு விட்டுப்போச்சு.'

எனக்குப் பதில் இல்லை. சுய உதவிக் குழுவில் மற்றப் பெண்கள் முன்னால் அவர் தலைகுனிய நேர்ந்தது என் மௌனத்தால். நான் ஏமாற்ற நினைக்கவில்லை, உண்மைதான். ஆனால் என் மனத்தில் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? எடுக்கப்படாத போன் மட்டுமே அவருக்குத் தெரிந்த உண்மை.

சமையல் ஒப்பந்தக்காரரிடம் கேட்டு, முகூர்த்த நாள்களில் பந்தி பரிமாறும் வேலைக்குப் போனேன். வாரம் 1,000 ரூபாயாக நான்கு வாரத்தில் அக்காவின் கணக்கைத் தீர்த்தேன். கடைக்காரரிடமிருந்து ஒன்பதாவது வாரம் 7,000 வந்தது. மீதி 5,000 இன்றுவரை வரவில்லை. வரவு 12,000, செலவு 13,400, நட்டம் 1,400. அக்கா இன்றும் எனக்குத் தைத்துத் தருகிறார். ஆனால் பாதிக் கூலியை முன்னால் வாங்கிக்கொண்டுதான் துணியைத் தொடுகிறார். அது நியாயம். போன நம்பிக்கை முழுவதும் திரும்பிவிட்டது என்று நான் எழுதினால் பொய்யாகும்.

ஏட்டில் எழுதிய பாடங்கள்

அதன்பின் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு பக்கம். யார் மூலம் அறிமுகம், அவர் என்ன உதவினார், நான் என்ன சொல் கொடுத்தேன், எந்த நாளில், நிறைவேறியதா என்று ஐந்து கட்டங்கள். அந்த நோட்டிலிருந்து சில பாடங்களை இங்கே தருகிறேன்.

1. சிறிதாகவும் தெளிவாகவும் கேளுங்கள். 'எனக்கு உதவுங்கள்' என்றால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. 'நூறு மீட்டர் காடாத் துணியைச் சில்லறையாகத் தரும் கடை எது?' என்றால் நின்ற இடத்திலேயே பதில் கிடைக்கும்.

2. அறிமுகம் செய்தவரிடம் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். 'நீங்கள் சொன்ன கடைக்குப் போனேன். காரியம் முடிந்தது' என்ற ஒரு சொல் போதும். அவருக்கும் மனம் நிறையும்; அடுத்த முறையும் வழி சொல்வார். காரியம் முடியாவிட்டாலும் சொல்லுங்கள்.

3. கேட்பதற்கு முன் கொடுங்கள். மாணவனிடம் கொடுக்க என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டாம். அச்சுக்காரரின் கணக்கைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தேன். துணிக்கடைக்கார ஐயாவுக்கு ஆங்கிலத்தில் வந்த கடிதங்களைப் படித்துச் சொன்னேன். நாம் படித்த படிப்பு, படிக்க வாய்க்காதவருக்கு உதவும்போதுதான் விலை பெறுகிறது.

4. கெட்ட செய்தியை முதலில் நீங்களே சொல்லுங்கள். தவணை நாளுக்குப் பின் சொல்வது சாக்கு. முன்னால் சொல்வது தகவல். இரண்டுக்கும் இடையே உள்ள தூரமே ஒருவனின் பெயர்.

5. வாங்குபவரைத் தெரிந்துகொள்ளுங்கள். வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அந்தக் கடைக்கு ஏற்கெனவே சரக்குப் போட்ட ஒருவரை நான் விசாரித்திருந்தால் போதும், நட்டம் வந்திராது.

6. ஆர்டரை எழுத்தில் வாங்குங்கள். எண்ணிக்கை, அளவு, விலை, பணம் தரும் நாள் ஆகிய நான்கும் இருக்கட்டும். பெயர் அச்சிடும் சரக்கானால் பாதிக்குக் குறையாமல் முன்பணம் வேண்டும். ஒப்பந்தம் செய்ய 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். முதலாம் ஆண்டு நண்பர்கள் இதை நினைவில் கொள்க.

அரசு திறந்து வைத்த கதவுகள்

என் நிலையை அறிந்த நம் வணிகவியல் பேராசிரியர் ஒருவர், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தைப் பற்றி எடுத்துச் சொன்னார். சிறுதொழில் செய்பவரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள்தான். தவறினால் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். முறையிட ஒரு மன்றமும் உண்டு. இதைக் கேட்டுத் துள்ளினேன். 'உத்யம் பதிவு செய்திருக்கிறாயா?' என்று கேட்டார். இல்லை. 'பதிவு இல்லாமல் அந்த மன்றத்தின் வாசலை மிதிப்பது கடினம், தம்பி. சரக்குக் கொடுக்கும் முன்பே பதிவு இருந்தால் வாதத்துக்கே இடமில்லை' என்றார்.

2020 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்த உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆதார், பான் எண்களோடு இணையத்தில் தாமே செய்துகொள்ளலாம். அன்று இரவே செய்துவிட்டேன். செய்து முடித்தபோது, இதை முன்பே செய்திருக்கலாமே என்ற வருத்தம்தான் மிஞ்சியது.

மாவட்டத் தொழில் மையம் என்ற அமைப்பு 1978-இல் தொடங்கியது. மாவட்டங்களில் இது இயங்குகிறது. நம்மில் பலர் அந்த வாசலைத் தாண்டியதில்லை. கடன் வாங்கப் போகிறவர்க்கே அந்த இடம் என்று நினைக்கிறோம். நான் கடன் கேட்கப் போகவில்லை. யார் யார் இந்த மாவட்டத்தில் என்ன தொழில் செய்கிறார்கள் என்று கேட்கப் போனேன். அங்கே காத்திருந்த வேளையில் பக்கத்தில் அமர்ந்திருந்த பாக்குமட்டைத் தட்டு செய்யும் பெண்மணி ஒருவர், இன்று என் பைகளைத் தம் தட்டுகளோடு சேர்த்துக் கல்யாண வீடுகளுக்குக் கொடுக்கிறார். அலுவலகத்தின் உள்ளே கிடைப்பது ஒரு பயன்; வெளியே பெஞ்சில் கிடைப்பது இன்னொரு பயன்! சென்னையிலுள்ள தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தும் பயிற்சிகளும் அப்படித்தான். பாடத்தைவிட, உடன் பயில வந்தவர்களே நீண்ட காலப் பயன்.

ஒன்றை மட்டும் கருத்தில் கொள்ள வேண்டும். திருப்பூரில் ஒரு பனியன், நூலாகப் புறப்பட்டு, நிட்டிங், சாயம், காம்பாக்டிங், அச்சு, தையல் என்று பல பட்டறைகளைக் கடந்து பெட்டிக்குள் போகிறது. ஒவ்வொரு பட்டறைக்கும் முதலாளி வேறு. ஒருவர் நாள் தவறினால் அடுத்தவர் வேலை நிற்கும், கப்பல் தவறும். உலகச் சந்தையில் அவ்வூர் நிற்பதற்கு இயந்திரங்கள் ஒரு காரணம் என்றால், ஒருவர் நாளை மற்றவர் மதித்தது இன்னொரு காரணம். என் தாம்பூலப் பையும் அதே பாதையின் சிறு வடிவம்தான்.

நிறைவாக

மாணவ நண்பர்களே! தொழில் தொடர்பு என்பது பெரிய மனிதர்களின் கையைக் குலுக்குவது அன்று. விசைத்தறி ஓட்டும் ஒரு தந்தை, வீட்டில் தைக்கும் ஓர் அக்கா, மை படிந்த கையோடு நிற்கும் ஓர் அச்சுக்காரர், முகாமில் உடன் மண் வெட்டிய ஒரு மாணவர் - இவர்களே என் வலை. இவர்களில் ஒருவர்கூட எனக்கு உறவினர் அல்லர். நம் கல்லூரி வளாகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் ஒவ்வொருவரும் எனக்குக் கிடைத்தார்கள். துணிக்கடைக்கு மட்டும் இரண்டு பேருந்து மாற வேண்டியிருந்தது.

கல்லூரியை விட்டுப் போகும்போது பட்டத்தோடு இன்னொன்றையும் எடுத்துச் செல்ல முடியும். அடுத்த துறையில் படிப்பவர் பெயரைக் கேளுங்கள்; அவர் ஊரைக் கேளுங்கள்; அவர் வீட்டார் என்ன தொழில் செய்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டதை மறவாதீர்கள். ஒரு சிறு உதவி செய்யுங்கள். ஒரு சிறு சொல் கொடுத்து அதைக் காப்பாற்றுங்கள்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்னாள் மாணவர்களில் தொழில் நடத்துவோர் பட்டியல் ஒன்றை, துறைவாரியாகவும் ஊர்வாரியாகவும், நம் நூலகத்தில் வைத்தால் எவ்வளவு நன்மை! நூலகத்தில் தற்செயலாக விசாரித்ததால் எனக்கு அச்சுக்காரர் கிடைத்தார். அடுத்து வருகிறவருக்கு அது தற்செயலாக இருக்க வேண்டாம்.

போன வாரம் தையல் அக்காவிடம் முந்நூறு பைக்குத் துணி கொண்டுபோனேன். வழக்கம்போலப் பாதிக் கூலியை முதலில் எண்ணி வைத்தேன். எண்ணிப் பார்க்காமல் டப்பாவில் போட்டுக்கொண்டார். மாணவன் ஒருவனுக்கு முதல் என்று ஒன்று உண்டானால், அது அவன் கொடுத்த சொல்லே ஆகும். என் முதலை நான் மறுபடியும் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன்.